தடுப்பை இரண்டு முறை உதைத்தவள்

வேல்ஸ் நாட்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அதனால் தொழிலையோ பொருளையோ சேர்த்துத்தான் அழைப்போம். நெஸ்டாவுக்கு ‘வேன் நெஸ்டா’ என்று பெயர். இருபத்தெட்டு ஆண்டுகள் நூலகத்தின் புத்தக வேனை மலைச் சாலைகளில் ஓட்டியவர். எந்தப் பண்ணையில் யார் துப்பறியும் கதை கேட்பார், யார் படிக்காமலே திருப்பிக் கொடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய கணவர் எல்வின் அதைவிட நீண்ட காலம் பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் மொழி கற்பித்தவர். ஆனாலும் யாரும் அவரை ‘வாத்தியார் எல்வின்’ என்பதில்லை. அவர் ‘நாற்காலி எல்வின்’.

அந்த நாற்காலி அவர்கள் வீட்டு முன்னறையில் சன்னலோரம் இருக்கிறது. ஓக் மரம், உயரமான முதுகு, கைப்பிடிகளில் கொடிவேலை. 1972இல், கடற்கரை ஊரான அபெரிஸ்ட்வித்தில் இருவரும் கல்லூரி மாணவர்களாக இருந்தபோது, கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஐஸ்டெத்வோட் என்ற கலைப் போட்டி விழாவில் மரபுக்கவிதைக்கான முதல் பரிசாக எல்வினுக்குக் கிடைத்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது. எல்வினே உட்காருவதில்லை. பூனை மட்டும் உட்காரும். சனிக்கிழமைதோறும் மெழுகு போட்டுத் துடைப்பது நெஸ்டாவின் வேலை.

“என் புள்ளைங்க மூஞ்சியக்கூட இத்தனை தடவை துடைச்சதில்ல,” என்று அவர் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் சொல்லும்போது நாற்காலியைப் பார்க்க மாட்டார்.

அவர்கள் வகுப்பு பட்டம் பெற்று ஐம்பது ஆண்டு ஆனதைக் கொண்டாட அபெரிஸ்ட்வித்தில் பழைய மாணவர்கள் கூடவிருப்பதாகச் செய்தி வந்தது. அந்தக் கால விழாப் போட்டிகளில் பழகிய பிற கல்லூரி நண்பர்களுக்கும் அழைப்பு இருந்தது. எங்கள் ஊர்ப் பத்திரிகையில் அதற்காக ஒரு பக்கம் ஒதுக்கினோம். கணவன் மனைவி இருவரும் தங்கள் மாணவப் பருவத்தைச் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். மழை பெய்த ஒரு பிற்பகலில் போனேன். திராட்சை ரொட்டியில் உப்பு வெண்ணெய் தடவி வைத்திருந்தார் நெஸ்டா.

“எங்க ஹாஸ்டலைப் பத்து மணிக்குப் பூட்டிருவாங்க,” என்று தொடங்கினார். “இவன் பத்து அடிக்கிறவரைக்கும் வாசல்ல நின்னு இலக்கணம் பேசுவான்.”

“இலக்கணமா? நான் பேசினது காதல்.”

“எனக்கு வித்தியாசம் தெரியல எல்வின்.”

வெல்ஷ் மொழிக்கான போராட்டத்தில், இங்கிலீஷில் மட்டும் இருந்த ஊர்ப் பலகைகளுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கப் போனதைச் சொன்னார்கள். ஏணியில் ஏறி அடித்தவர் நெஸ்டா, கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு “சீக்கிரம், சீக்கிரம்” என்று நடுங்கியவர் எல்வின். புயல் நாளில் அலை கூழாங்கல்லை வாரி விடுதிச் சன்னலில் அடித்ததைச் சொன்னார்கள். கடற்கரை நடைபாதையின் கடைசிவரை போய், குன்றின் அடிவாரத்தில் இருக்கும் இரும்புத் தடுப்பைக் காலால் உதைத்துவிட்டுத் திரும்புவது அங்கே எல்லா மாணவர்களுக்கும் வழக்கம். உதைக்காமல் திரும்பினால் நடந்ததாகவே கணக்கில்லை. இவர்கள் மூன்று ஆண்டுகள், மழையோ வெயிலோ, சேர்ந்து போய் உதைத்திருக்கிறார்கள்.

“பதினோரு நாள் தவிர,” என்றார் எல்வின். “எனக்குப் பொன்னுக்குவீங்கி.”

“கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி,” என்றார் நெஸ்டா.

“அப்போ ஒன்றுகூடலுக்குக் கிளம்பிட்டீங்களா அங்கிள்?” என்று கேட்டேன்.

எல்வின் முகம் மாறிவிட்டது. “நான் வரல. கெதின் வர்றான்.”

நெஸ்டா எழுந்து கோழிகளை அடைக்க வெளியே போனார். கதவைக் கொஞ்சம் வேகமாகவே சாத்தினார்.

எல்வின் என்னை முன்னறைக்கு அழைத்துப் போனார். மேசை இழுப்பறையிலிருந்து 1972ஆம் ஆண்டின் விழா மலரை எடுத்தார். நாற்காலிப் போட்டிக்கு வருகிறவர்கள் புனைபெயரில்தான் கவிதை அனுப்புவார்கள். சொந்தப் பெயர் தனியாக, ஒட்டிய உறைக்குள் இருக்கும். மேடையில் வென்றவரின் புனைபெயரை மட்டும் அழைப்பார்கள். எக்காளம் ஊதும், கூட்டத்தில் ஒரே ஒருவர் எழுந்து நிற்பார். மற்ற உறைகளை யாரும் திறப்பதில்லை. இரண்டாவதாக வந்தவர் யார் என்பது அவர் வாய் திறந்தால்தான் தெரியும். பெரும்பாலும் திறக்க மாட்டார்கள்.

“படி,” என்று நடுவரின் தீர்ப்பில் ஒரு பத்தியைக் காட்டினார். தாள் அந்த இடத்தில் மட்டும் விரல்பட்டுக் கறுத்திருந்தது. ‘மலைச்சாரல்’ என்பவரின் கவிதையில் ஒரு பிழையும் இல்லை, ஆகவே நாற்காலி அவருக்கே. ஆனால் ‘நீர்க்காகம்’ என்பவரின் கவிதைதான் இந்தக் குவியலில் உயிரோடு இருப்பது, இன்னும் கொஞ்சம் பயிற்சி இருந்தால் நான் வேறு பெயரை அழைத்திருப்பேன் என்று நடுவர் எழுதியிருந்தார். எல்வின்தான் மலைச்சாரல். நீர்க்காகத்தின் நான்கு வரிகளை நடுவர் எடுத்துக் காட்டியிருந்தார்:

*நடைபாதை முடியும் இடத்தில்
இரும்பை ஒருமுறை உதைத்தாள், தனக்காக;
கன்னம் வீங்கிக் கிடப்பவனுக்காக மறுமுறை.
கடல் இரண்டையும் எண்ணிக்கொண்டது.*

“பொன்னுக்குவீங்கி வந்த பதினோரு நாளும் நெஸ்டா எனக்காக ஒரு உதை சேர்த்து உதைச்சா,” என்றார் எல்வின். “அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். இந்த நீர்க்காகத்துக்கு எப்படித் தெரிஞ்சுது? கெதின்தான். அவன் பாங்கர் கல்லூரி. முந்தின வருஷ விழா நடனத்துல அவளோட ரெண்டு தடவை ஆடினான். அந்த வருஷம், போட்டிக்கு முன்னாடி ஒரு தடவை எங்க கல்லூரி ஊருக்கு வந்து, அவளோட கடற்கரையில நடந்தான். அப்போ நான் படுக்கையில. நாலு வரியும் அவன் எழுதினதுதான். பாத்தவன்தானே எழுத முடியும்?”

“ஆன்ட்டிகிட்ட கேட்டீங்களா?”

“கேக்கல.”

“ஐம்பது வருஷமாவா?”

“அவ பதில் சொல்லிட்டான்னா?” என்றார்.

எழுதுவதைச் சரிபார்க்காமல் அச்சுக்குக் கொடுப்பது என் வழக்கமில்லை. இவர்களைப் பற்றி இரண்டு வரி சொல்லுங்கள் என்று கேட்கிற சாக்கில் கெதினைத் தொலைபேசியில் பிடித்தேன். ஆங்கிள்சி தீவில் பால் பண்ணை வைத்திருந்தவர். கவிதை பற்றிக் கேட்டதும் அவருக்கு இருமலோடு சிரிப்பு வந்தது.

“கவிதையா? நானா? எனக்குக் கல்யாணப் பத்திரிகை எழுதவே ஆள் வேணும். பசு மாட்டப் பத்திக் கேளும்மா, பக்கம் பக்கமாச் சொல்றேன். அன்னைக்கு நான் நெஸ்டாவோட நடந்ததா? ஆமா, நடந்தேன். வழியெல்லாம் எல்வின் கன்னத்தப் பத்தியே பேசினா. அதோட விட்டுட்டேன்.”

மறுவாரம் போய் அதை அப்படியே சொன்னேன். சமையலறை மேசையில் எல்வின் என் எதிரே இருந்தார். நெஸ்டா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார்.

“பொய் சொல்றான்,” என்றார் எல்வின்.

“போட்டிக்கே அனுப்பலையாம் அங்கிள்.”

“அப்போ எவன்? சொல்லு, எவன் அவன்?”

கத்தி நின்றது.

“எவன், எவன், எவன்,” என்றார் நெஸ்டா. “ஐம்பது வருஷமா எவன்தான். ஒரு நாளாவது ‘யாரு’ன்னு கேட்டியா?”

பிறகு திரும்பாமல், ரொட்டியைப் பார்த்தபடி, விழா மலரில் இல்லாத அடுத்த இரண்டு வரிகளைச் சொன்னார்:

*கேட்காதே, மூன்றாவது உதை யாருக்கென்று;
கேட்பவனுக்கு அது பட்டுவிடும்.*

கெட்டில் கொதித்து நின்றது. அதை யாரும் எடுக்கவில்லை. எல்வினின் உதடு மெல்ல அசைந்தது. ஓசை சரியாக விழுகிறதா என்று அந்த நேரத்திலும் அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

“மூணாவது யாருக்கு?” என்றார் கடைசியில்.

“பாத்தியா கண்ணு?” நெஸ்டா என் பக்கம் திரும்பினார். “எழுதினது நான்னு சொல்றேன். இவன் கேக்குறதப் பாரு.”

“யாருக்கு நெஸ்டா?”

“எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. மூணாவது நீர்க்காகத்துக்கு. அப்படி ஒருத்தி இருந்தது யாருக்கும் தெரியாதுல்ல? அவளுக்கு யாரு உதைப்பா?”

“நான்தானே உனக்கு யாப்பு சொல்லிக்குடுத்தேன். ஒரு மாசத்துல விட்டுட்டேன்னு சொன்ன.”

“உன்கிட்ட கத்துக்கிறதத்தான் விட்டேன்.”

எல்வினுக்கு அது பட்டது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “ஏன் சொல்லல?”

நெஸ்டா உட்கார்ந்தார். அன்று நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“எக்காளம் ஊதினாங்க. பக்கத்துல நீ எழுந்து நின்ன. எழுந்திருக்கும்போது என் காலை மிதிச்ச, அது உனக்குத் தெரியாது. நான் கைதட்டினேன், நல்லாத்தான் தட்டினேன். நடுவர் நீர்க்காகத்தப் பத்திச் சொன்னப்போ எனக்கு உடம்பெல்லாம் சுட்டுச்சு. பஸ்ல திரும்பி வரும்போது சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நாற்காலியைக் கடைசி சீட்ல கயித்தால கட்டி வெச்சிருந்தாங்க. பசங்க எல்லாம் பாடிட்டு வர்றாங்க. நீ மட்டும் வாயத் திறக்கல. நாற்காலி ஜெயிச்சவன் மாதிரியா இருந்த? ‘எவன் அந்த நீர்க்காகம்?’னு கேட்ட. உன் மூஞ்சி அப்படியே கறுத்துப்போச்சு. எனக்கு…” அவர் என்னைப் பார்த்தார். “இதையும் எழுது. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அவனுக்கு நாற்காலி கிடைச்சுது. எனக்கு இது கிடைச்சுது. ஒரு நாள் வெச்சுக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் குடுக்க மனசு வரல.”

“என்னை ஐம்பது வருஷம் எரிய விட்ட.”

“நான் மட்டும் எரியலையா? யார் வீட்டுக்கு வந்தாலும் முதல்ல அந்த அறைக்குத்தான் கூட்டிட்டுப் போவ. ‘நாற்காலி எல்வின் சம்சாரம்’னு என்னைச் சொல்லுவாங்க. நான் டீ போட்டுக் கொண்டு வருவேன். சனிக்கிழமை வந்தா மெழுகு போடுவேன். அந்தக் கொடிவேலை இடுக்குல தூசி எங்க சேரும்னு எனக்குத்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு எழுந்து முன்னறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். பூனையைத் தூக்கி எல்வின் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடிகளில் கைவைத்து, முதுகைச் சாய்த்து, ஒரு நிமிடம் அப்படியே இருந்தார்.

“ச்சே,” என்றார் நெஸ்டா. “முதுகுல குத்துது. இதுக்கா நான் இவ்வளவு நாளா…”

கவிதையின் பிரதி தையல் மெஷினின் கையேட்டுக்குள் இருந்தது. எல்வின் திறக்கவே மாட்டார் என்று தெரிந்த இடம். வேன் ஓட்டிய காலத்தில் வேனின் கையேட்டுக்குள் இருந்ததாம். மற்ற கவிதைகளும் அங்கேதான் இருந்தன, மொத்தம் முப்பத்தொன்று. பண்ணை வாசல்களில் ஆட்டு மந்தை கடக்கிறவரை வேனை நிறுத்தி எழுதியவை. எல்வின் பழக்கதோஷத்தில் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து முதல் கவிதையைப் படித்தாராம். ஓரிடத்திலும் கோடு போடவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மூன்று நாள் நெஸ்டாவோடு பேசவில்லை.

“முன்னாடி கெதின் மேல வயித்தெரிச்சல்,” என்று நெஸ்டா என்னிடம் சொன்னார். “இப்போ என் மேல. எனக்குப் பரவாயில்லை. அது எனக்குச் சேர வேண்டியதுதானே.”

நான்காம் நாள் காலை எல்வின் வாய் திறந்தாராம். “ஆறாவது வரி என்னோடதவிட நல்லா இருக்கு. போகலாம், சட்டையத் தேய்ச்சு வை.”

“நீயே தேய்ச்சுக்கோ,” என்றாராம் நெஸ்டா. தேய்த்துக்கொண்டார்.

ஒன்றுகூடலுக்கு இருவரும் போனார்கள். மறுநாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, நெஸ்டாவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

“நீ எழுதிட்டியா?”

“பாதி ஆச்சு ஆன்ட்டி. ஏன்?”

“சீக்கிரம் முடி. அங்க என்ன நடந்துச்சு தெரியுமா? சாப்பாட்டு மேசையில இவன் எழுந்து நின்னுட்டான். நாற்பது பேர் முன்னாடி முழுக் கதையும் சொல்றான். எக்காளம், பஸ்சு, தையல் மெஷின், ஒண்ணு விடல. என் கவிதையையும் அவனே சொல்றான், கைய ஆட்டி ஆட்டி. எல்லாரும் எழுந்து கை தட்டுறாங்க. கெதின் கண்ணத் தொடைக்கிறான். என்னை வந்து கட்டிப்பிடிச்சு, ‘உன் புருஷன் எவ்வளவு அழகாச் சொல்றான் பாரு’ங்குறாங்க.”

“ஆன்ட்டி…”

“சிரிக்காத. அப்புறம் எல்லாரும் தடுப்ப உதைக்கப் போனோம். இவன் மூணு தடவை உதைச்சான். மூணாவது உதைக்கு முன்னாடி எல்லாரும் பாக்குறாங்களான்னு ஒரு பார்வை வேற. என் உதை அது!”

“நீங்க உதைக்கலையா?”

“உதைச்சேன். கால் இன்னும் வலிக்குது.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். பின்னணியில் எல்வின் யாரிடமோ அதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் குரல் கேட்டது. பால்காரராக இருக்க வேண்டும்.

“கேட்டியா?” என்றார் நெஸ்டா. “இப்போ, தனக்கு முதல்லேருந்தே தெரியும்னு சொல்லிக்கிட்டிருக்கான். அதனாலதான் சொல்றேன், நான் சொன்னபடியே போடு. மேல என் பேரப் போடு. வேன் நெஸ்டான்னு போடாத. நீர்க்காகம்னு போடு.”