அவசரத் தண்ணீரில் வைத்த பெயர்

விஜயநகரில் எங்கள் பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா நர்ஸ். பிறந்த குழந்தை பிழைக்காது என்று தெரிந்து, கிறிஸ்தவப் பெற்றோர் கேட்டுக்கொண்டால், ஃபாதர் வரும்வரை காத்திராமல் தானே தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். அந்த அவசரத்துக்குத் திருச்சபை அனுமதி உண்டு. அப்படிப் பெயர் வாங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் கல்லறைக்குத்தான் போயின.

அக்காவின் சிநேகிதி கேரலின் பேரனும் நீலம் பாரித்துத்தான் பிறந்தான். பிரசவ அறைக் கதவருகே நின்று கேரல் அலறினாள். "ஏதாவது ஒரு பேரு சொல்லி ஊத்துங்கக்கா! பேரில்லாமப் போயிடக் கூடாது!"

அக்கா பெற்றவளைப் பார்த்தார். கேரலின் மருமகள் மீனா, கொள்ளேகால் விவசாயி மகள். கல்யாணத்துக்காக மதம் மாறியவள். அன்றிலிருந்து அப்பா அவளிடம் பேசுவதில்லை.

"சித்தையன்... எங்கப்பா பேரு," என்றாள். அதையே சொல்லி ஊற்றினார்.

பையன் பிழைத்துக்கொண்டான். தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

எண்ணெய் பூசும் மீதிச் சடங்குக்காகக் குழந்தையை மாதா கோயிலுக்கு எடுத்துப்போகும் நாள் காலையில் கேரல் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பெர்னார்ட்னு சொல்லி ஊத்தினேன்னு ஃபாதர்கிட்ட சொல்லிடுங்கக்கா. எங்க வீட்டுக்காரர் பேரு. ஞானஸ்நானம் ஒருதரம்தானே, மறுபடி குடுக்க மாட்டாங்க. கோயில்ல நின்னு சித்தையன்னு கூப்பிட்டா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

இருவரும் பாடகர் குழுவில் பல வருஷச் சிநேகிதிகள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வயதில் அக்காவைப் பொய் சொல்ல வைக்கிறாளே!

கோயிலுக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஃபாதர் கேட்டார். "என்ன பேரு சொல்லி ஊத்தினீங்கம்மா?"

மீனா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கேரல் அக்காவையே முறைத்தாள்.

"சித்தையன், ஃபாதர்."

"அக்கா!" என்று பல்லைக் கடித்தாள் கேரல்.

அக்கா அவள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு அவன் போயிருந்தா, அந்தப் பேரைச் சொல்லித்தானே அழுதிருப்ப? சாகறதுக்கு ஆன பேரு வாழறதுக்கு ஆகாதா, கேரல்?"

ஃபாதர் எண்ணெய்ச் சிமிழைத் திறந்து, "சித்தையன்" என்று அழைத்தார். மீனா வாய்விட்டு அழுதாள்.

அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் கேரல் அக்கா பக்கத்திலிருந்து இடம் மாறி நின்றாள். அக்கா அதைப் பார்த்தும் பாடிக்கொண்டே இருந்தார். குரல்தான் இரண்டாவது வரியிலேயே உடைந்துவிட்டது.