சித்தேரி பஸ்ஸும் ஜப்பான் ரயிலும்

இன்று மதியம் அரூரில் சித்தேரி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஓர் அக்கா, சந்தையில் சாமை விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவர். ஜப்பானில் வேலை செய்யும் மகனுக்கு வீடியோ கால் போட்டார்.

இங்கே மணி இரண்டரை. அங்கே ஆறு, அவன் வேலை முடிந்து ரயிலில் போய்க்கொண்டிருந்தான்.

"சாப்ட்டியா கண்ணு?" பஸ்ஸில் அலறிய பாட்டை மீறிக் கத்தினார்.

மகன் தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்குப் பின்னால் நின்ற கூட்டமும் வாயைத் திறக்கவில்லை.

"அந்த ஊரு ரயில்ல போன் பேசக் கூடாதாமுங்க," என்றார் என்னிடம்.

"பையன் வூட்டுக்குப் போனதும் பேசுங்கக்கா."

"அதுக்குள்ள நான் மலையேறிருவனே. எங்க ஊர்ல டவர் இல்லீங்க. சந்தை முடிஞ்சு பஸ் ஏறினாத்தான் எனக்குக் கையே ஒழியுது."

கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் பாட்டை நிறுத்தச் சொன்னார். மொத்த பஸ்ஸும் அடங்கியது. அப்போதும் மகன் தலையைத்தான் ஆட்டினான்.

மலையின் முதல் வளைவில் படம் உறைந்தது.

"அவன் குரலே மறந்துபோச்சுங்க," என்றார் அக்கா.

பேசக் கூடாத ரயிலுக்கும் டவர் இல்லாத மலைக்கும் நடுவில் பெற்றவள் எத்தனை மணிக்குக் கூப்பிடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சத்தமாகவே சொல்லலாம், இது நம்ம ஊர்.