சும்மா இராத கால்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் அவர் தம்பியின் வணக்கம். எழுதியிருக்க வேண்டியவன் அண்ணன் மகன். "சித்தப்பா, எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், நீங்களே எழுதிடுங்க" என்று தள்ளிவிட்டான். என்னாலோ ஓரிடத்தில் உட்கார முடியாது. ஒரு பத்தி எழுதுவதும், எழுந்து பால்கனிவரை போய்த் திரும்புவதுமாக எழுதியது இது. தாவித் தாவிப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பாளையங்கோட்டையில் பிறந்தார். அப்பாவுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை கிடைத்து லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அவர் கைக்குழந்தை. நான் தில்லியிலேயே பிறந்தவன். பொழுது சாய்ந்தால் என் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊரும், ஆட்டினால்தான் அடங்கும். உட்கார்ந்து காலாட்டினால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா திடீரென்று போய்விட்டார். காரியம் முடிந்த மாலை, ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவின் கண் என் காலில் விழுந்தது.

"இப்படி ஆட்டி ஆட்டித்தாம்ல வீட்டுத் தலையவே சாச்சுப்புட்ட" என்றார்.

கூடியிருந்தவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் நான், அதை அப்படியே நம்பிவிட்டேன். அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்கவே வெகு காலம் பயந்தேன்.

அண்ணன் டியூஷன் எடுத்து என்னையும் படிக்க வைத்து, தானும் மருத்துவம் படித்து, மூளை நரம்பு ஆராய்ச்சிக்குப் போனார். மூளையில் ஆராய எவ்வளவோ இருக்க, அவர் எடுத்துக்கொண்டது இராத்திரியில் சும்மா இராத கால்களை. காலாட்டுவதற்கெல்லாமா ரிசர்ச் என்று உடன் வேலை பார்த்தவர்களே சிரித்தார்கள். நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. அண்ணன் கோபப்பட மாட்டார், அடுத்ததை எழுத உட்கார்ந்துவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நோயாளிகளுக்குத் தங்கள் தொல்லையைச் சொல்லத் தெரியவில்லை. மனப்பிரமை என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அண்ணன் அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களையே சேர்த்தார். எறும்பு ஊர்கிறது என்றார் ஒரு பஸ் கண்டக்டர். காலுக்குள் சோடா பொங்குகிறது என்றார் ஒரு பஞ்சாபி அம்மாள். அந்தச் சொற்களைக் கொண்டே டாக்டர்கள் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அமைத்தார். இந்தத் தொல்லை குடும்பவழி வருவது பற்றியும், மூளையில் இரும்புச் சத்து குறைவதற்கும் இதற்கும் உள்ள உறவு பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகளை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்களாம். அவருடைய கேள்விகளைத்தான் பல ஊர் டாக்டர்கள் கேட்கிறார்களாம். இதெல்லாம் மாணவர்கள் சொல்லித் தெரிந்தது. தன் பெருமையை அண்ணன் எங்களிடம் பேசியதில்லை.

துவாரகாவில் வீடு இருந்தும், தினமும் வேலை முடிந்து திரும்பும் வழியில் ஜனக்புரியில் மெட்ரோவை விட்டு இறங்கி என் வீட்டுக்கு வருவார். "சலோ, எந்திரில" என்பார். இருவரும் நடப்போம். ரெண்டு பேரும் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவர்கள் என்று அண்ணி கேலி செய்வார். மெட்ரோவில் இடம் காலியாக இருந்தாலும் அண்ணன் நின்றுகொண்டேதான் வருவார். தம்பியின் காலுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று எனக்கு உள்ளூரக் கர்வம்.

சென்ற ஆண்டு இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. ஒரு சாயங்காலம் போர்வைக்குள் அவர் கால்கள் அசைவதைப் பார்த்தேன். என் கால் ஆடுவதைப் போலவே ஆடின. நான் பார்த்துவிட்டது அவருக்கும் தெரிந்தது.

"எனக்கும் உண்டுல, சின்னதுலருந்தே" என்றார். "பெரியப்பா உன்னயச் சொன்னப்ப, நான் பக்கத்துல சம்மணம் போட்டு, காலத் தொடைக்கு அடியில அமுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கும்தான் ஆடுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லலியே."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் என் பிள்ளைப் பருவம் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் அன்று எனக்காகச் சொல்லாததை வாழ்நாள் முழுக்க ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்? அவர் தூங்கும்வரை காலைப் பிடித்துவிட்டேன். மறு வாரம் அண்ணன் காலமானார்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், முறை வைத்துக் காவல் இருந்த மாணவர்களுக்கும், அண்ணன் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த துவாரகா குடியிருப்பு சொசைட்டிக்காரர்களுக்கும், ரயிலேறி வந்து அண்ணிக்குத் துணையிருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மாலை அண்ணனின் முதலாண்டு நினைவுப் பூசையில் வெகுநேரம் உட்கார வேண்டியிருக்கும். நடுவில் நான் எழுந்து வெளியே போனால் யாரும் தவறாக நினைக்க வேண்டாம், தேடவும் வேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் நடக்கப் போயிருப்போம்.