நெற்றியில் இருந்த சிவப்பு

மாலை நாலேகால். முதலில் கண்ணில் பட்டது குழந்தையின் நெற்றியில் இருந்த மைப்பொட்டு. எட்டணா அகலம். திருஷ்டிக்குக் கன்னத்தில்தான் வைப்பார்கள்; இது புருவங்களுக்கு நடுவே அப்பியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் ரீடச்சிங் செய்துகொண்டிருந்தேன். நெகட்டிவின் மேல் கூரான பென்சிலை ஓட்டி, முகத்தில் உள்ள பருவையும் தழும்பையும் மறைக்கும் வேலை. அதற்கு முன் ஒரு பத்திரிகையிலும் ஏறக்குறைய இதேதான். அது முகூர்த்த மாதம். காலையிலிருந்து மணப்பெண்களின் கன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண் எரிந்தது.

பிறந்த குழந்தையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பெரும்பாலும் யாரும் கூட்டிவருவதில்லை. இந்த மாமியாரும் மருமகளும் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். தகப்பன் துபாயில் இருந்தான். பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை.

தாய் முந்தானை நுனியை நனைத்து மையைத் துடைத்தாள். அடியில் சிவப்பாக ஒரு மச்சம்.

"அத மறைக்கத்தான வச்சேன்," என்றாள் மாமியார். "அண்ணாச்சி, அந்தச் செவப்ப எடுத்துருங்க. எம் மவன் பாத்தா அவனுக்குச் சோறு எறங்காது."

படம் எடுத்து முடிந்து மாமியார் குழந்தையோடு வெளியே போனதும் தாய் என் மேசைக்கு வந்தாள்.

"எடுத்துராதிய அண்ணாச்சி. நாளைக்கு அவுக வந்து பாத்துட்டு, போட்டோல இல்லியே, எங்கன சுட்டு வச்சன்னு என்னியத்தான் கேப்பாவ. அத்த வாயத் தொறக்க மாட்டாவ."

பச்சைக் குழந்தையின் தோலில் பென்சில் கொஞ்சம் கூடினாலும் முகம் பீங்கான் பொம்மையாகிவிடும். உதட்டோரம் தோல் உரிந்த இடத்தில் விழுந்த நிழலை மட்டும் தணித்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த மடிப்புகளை விட்டுவிட்டேன். மச்சத்தைத் தொடவில்லை. கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் அது சாம்பல் கறையாக வந்தது.

"என்னத்த அண்ணாச்சி செஞ்சிய? கெடந்தது கெடந்த மாதிரியே இருக்கு," என்றாள் மாமியார், படத்தை வாங்கும்போது.

இரண்டு வருடம் கழித்துக் கணவன் வந்தான். மனைவி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவன் அந்தப் படத்தை மேசையில் வைத்தான்.

"அண்ணாச்சி, இந்தக் கறை ஒங்க கடையில விழுந்ததா? பொறக்கும்போதே இருந்துச்சு, வளர வளர மறைஞ்சிட்டுன்னு இவ சொல்லுதா. அம்மா அப்பிடி ஒண்ணும் இல்லங்காவ."

"இருந்தது," என்றேன்.

அவன் குனிந்து பிள்ளையின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். நெற்றியில் ஒன்றும் இல்லை.