வேலிக்கு வெளியே நின்றவர்

சூறாவளி எங்கள் கல்முனைப் பக்கத்தைப் புரட்டிப்போட்ட வருடம் அது. கடற்கரையை ஒட்டிய எங்கள் ஒழுங்கையில் தென்னைகள் முறிந்து கிடந்தன. வீட்டின் மேல் விழுந்த ஒரு தென்னை என் கணவரைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இருபத்திரண்டு வயது, கையில் ஒரு வயது மகள்.

நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது, குரல்கூடக் கேட்கக் கூடாது என்பார்கள் எங்கள் ஊரில். அந்த நேரம் பார்த்துக் கிணறுகள் கெட்டு, ஊரெல்லாம் வயிற்றோட்டம் பரவியது. பாலமுனையில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா, ராத்தாவுக்கும் அதுதான் என்று ஆள் வர, துணைக்கு இருந்த உம்மா அங்கே போனார். போன இடத்தில் அவரும் படுத்துவிட்டார். அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரரிடம் போய்விட்டார்கள். கதைக்க ஆளில்லாமல் கோழியோடு கதைத்தேன் என்றால் நம்புவீர்களா?

ஒரு காலையில் மகளுக்கும் தொடங்கியது. மதியத்துக்குள் அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிட்டாள். கண்கள் குழி விழுந்துவிட்டன. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் இத்தா.

அப்போது ஒழுங்கையில் ஓர் ஆண் குரல் கேட்டது. "கொதிச்ச தண்ணி கொண்டு வந்திருக்கம். ஊட்டுல ஆருக்கும் சுகமில்லையா?"

தமிழ்ப் பகுதியிலுள்ள வேதக்கோயிலின் கிறிஸ்தவச் சபையார் நோயாளிகளைப் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். குரல் எங்கள் வேலியைத் தாண்டிப் போனது. மகளைத் திரும்பிப் பார்த்தேன். எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம்!

"போகாதீங்க! எண்ட புள்ள சாகப் போகுது! நான் இத்தாவில இருக்கன்!" என்று கத்திவிட்டேன்.

காலடிச் சத்தம் திரும்பி வந்தது. உள்ளே வந்துவிடுவாரோ என்று பயந்து கிடுகு வேலி ஓட்டையால் பார்த்தேன். அவர் வீட்டுக்கு முதுகைத் திருப்பி, ஒழுங்கையைப் பார்த்தபடி நின்றார்.

"நான் மத்தப் பக்கம் பார்த்துத்தான் நிக்கிறன், தங்கச்சி. பயப்படாமச் சொல்லுங்க."

சொன்னேன். தண்ணீரில் சீனியும் உப்பும் எவ்வளவு கலப்பது என்று சொல்லித் தந்தார். "கரண்டி கரண்டியாப் பருக்குங்க, நிப்பாட்டாதீங்க. எங்கட பொம்புளயள அனுப்புறன்." போத்தலை வேலி வாசல் படலையடியில் வைத்துவிட்டு வேகமாக நடந்தார்.

பொழுது சாயுமுன் ஒரு பெண் வந்து என்னோடு தங்கினார். அவர் காய்ச்சிய கஞ்சியைத் தொட நான் தயங்கியதும் சிரித்துவிட்டார். "என்னகா யோசிக்கிற? உன்ட அரிசி, உன்ட சட்டி. தீ மட்டுந்தான் நான் வெச்ச!" நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

மறுநாள் மகள் பசியில் வீறிட்டு அழுதாள். கேட்டுக்கொண்டிருந்த நானும் அழுதேன்.

மகள் தேறியதும் அந்தப் பெண் வேறு வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. மறுபடி தனிமை. ஆனால் தினமும் வேலிக்கு வெளியே தண்ணீர் தந்தவரின் செருமல் கேட்கும். "புள்ள எப்படி?" என்பார். "ஓம், சுகம்" என்பேன். அன்றைக்கு நான் ஒரு மனிதரோடு கதைத்தது அவ்வளவுதான். அதற்காகக் காலையிலிருந்தே காத்திருப்பேன்.

நோய் அடங்கியதும் அந்தக் குரலும் நின்றது. இத்தா முடிந்த கையோடு மகளைத் தூக்கிக்கொண்டு வேதக்கோயிலுக்குப் போனேன். எனக்குக் கஞ்சி காய்ச்சிய பெண்தான் இருந்தார். வேலிக்கு வெளியே நின்றவரை வேறு ஊர்ச் சபைக்கு மாற்றிவிட்டார்களாம். கோயில் படலையிலே நின்று வெகுநேரம் அழுதேன்.

அவர் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால்தான், பஸ்ஸில் எந்த முதியவர் வந்து நின்றாலும் இவராகத்தான் இருக்குமோ என்று, முழங்கால் வலியோடு இன்றைக்கும் எழுந்து இடம் கொடுக்கிறேன்.