யானையும் குதிரையும் ஒரு டம்ளர் டீயும்

மூன்றாவது மாடியில் இருப்பவளை அந்தக் குடியிருப்பே அண்ணி என்றுதான் கூப்பிடும். கொழுந்தன் ஆரம்பித்து வைத்தது, தபால்காரர் வரை ஒட்டிக்கொண்டது. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டபோது முதலில் கோபம் வந்தது. இப்போது கோபப்படவும் தெம்பில்லை.

துணி துவைக்கும் மெஷின் வாங்கி ஏமாந்தவர்களிடம் வசவு வாங்குவது அண்ணியின் வேலை. கம்பெனி அதற்குக் கௌரவமாக வேறு பெயர் வைத்திருந்தது. பின் அறையில், சமையலறைச் சுவரை ஒட்டிப் போட்ட மேஜையில், காதில் ஹெட்போனோடு காலையிலிருந்து மாலைவரை "மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்ல வேண்டும். செய்யாத தப்புக்கு இத்தனை மன்னிப்பு வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் கேட்பது தனி.

அவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது மாமனாருக்காக. பக்கவாதம் வந்து பாதி மீண்டவர். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஒருமுறை குளியலறையில் விழுந்தபோது சத்தம் கேட்டு அவள் ஓடியதால் பிழைத்தார். ஆபீஸுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போய்விட்டால் பகலில் அவருக்கு ஆளில்லை. கணவன் லாரியோடு கிளம்பினால் வாரக் கடைசியில்தான் முகம் காட்டுவான். கொழுந்தனுக்கு இரவு ஷிஃப்ட். பகலெல்லாம் ஹாலில் தூங்குவான். கும்பகர்ணன் வந்து பாடம் படிக்கலாம், அப்படித் தூங்குவான்.

ஹாலில் ரௌட்டரை மாட்டியதும் அவன்தான். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு வைஃபை வந்தது. ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்பது வேகமானது, ஆனால் இரண்டு சுவரைப் பார்த்தால் நின்றுவிடும். இரண்டு புள்ளி நாலு மெதுவானது, ஆனால் எப்படியோ முட்டி மோதிக் கடைசி அறைக்கு வந்து சேரும். முதலாவதற்குக் குதிரை என்றும் மற்றதற்கு யானை என்றும் பெயர் வைத்தான். குதிரை ஹாலோடு சரி. பின் அறையில் இருந்த அண்ணிக்கு யானைதான் வாய்த்தது.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். அண்ணியை இரண்டும் சேர்ந்து தின்றன. பேச்சின் நடுவில் லைன் அறுந்துபோகும். அவளே வேண்டுமென்று போனை வைத்துவிட்டதாக மறுமுனையில் இருப்பவர் புகார் கொடுப்பார். போன வாரம் சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னாள்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா கட் ஆச்சுன்னு இன்னொரு புகார் வந்தா நீங்க ஆபீஸுக்கு வந்துதான் ஆகணும். என் கையில எதுவும் இல்ல."

இதில் ஒரே ஆறுதல் மாமனார். லைன் அறுந்து அவள் தலையில் கைவைத்து உட்காரும் நேரமாகப் பார்த்து டீயோடு வந்து நிற்பார். காலையில் அவள் போட்டுவைத்த டீயைச் சுடவைத்துக் கொண்டு வருவார். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று கண்டித்து, மைக்ரோவேவ் பொத்தானை அமுக்க அவளே கற்றுக்கொடுத்திருந்தாள். ஆறின டீ அவளுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும்.

"பேசிப் பேசித் தொண்டை காஞ்சிருக்கும். குடிம்மா."

பெற்ற அப்பாகூட இப்படி மனசறிந்து வந்ததில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

கொழுந்தனுக்கு விடுமுறையான ஒரு நாள், அவள் கண்ணெதிரே மறுபடியும் இணைப்பு செத்தது. நல்லவேளை, லைனில் யாரும் இல்லை. அண்ணி ஹாலுக்கு வந்தாள். அவன் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் சோத்துல மண்ணைப் போட்டாத்தான் உனக்குப் படம் ஓடுமா?"

"ஐயோ அண்ணி, நான் குதிரையில இருக்கேன். உங்க யானைப் பக்கமே வரல."

சமையலறையில் 'டிங்' என்று மணி அடித்தது. கொழுந்தன் நிமிர்ந்தான்.

"மைக்ரோவேவா? யாரு போட்டது?"

"மாமா டீ சுட வைக்கிறார். தினமும்தான் வைக்கிறார். அதுக்கென்ன?"

"அது ஓடுனா யானை படுத்துரும் அண்ணி. ரெண்டும் ஒரே அலைவரிசை. நீங்க வேற அந்தச் சுவத்தை ஒட்டியே உக்காந்திருக்கீங்க."

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் லைன் அறுந்ததைப் பார்த்து டீ வரவில்லை. டீ சூடானதால்தான் லைன் அறுந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"பேசாம குதிரைக்கு மாறி இங்க வந்துருங்க" என்றான் கொழுந்தன்.

"இங்க உக்காந்தா பின்னால குளியலறையில அவர் விழுந்தாக்கூடக் கேக்காதுடா."

சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். தரையில் ஒயர் இழுத்தால் மாமனார் தடுக்கி விழுவார். எல்லா வழியும் சுற்றி வந்து அந்த டம்ளரில்தான் நின்றது. திரும்பிப் பார்த்தால், டம்ளரோடு அவரே நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, நான் வேலை பாக்குறப்ப மைக்ரோவேவ் போட வேண்டாம். லைன் கட்டாகுது."

"உனக்குத் திட்டு விழுந்ததெல்லாம் என்னாலயாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதை யோசித்துச் சொல்லும் அளவுக்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை. "விடுங்க மாமா" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் கட்டிலுக்குப் போய்ப் படுத்தார். இந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே வேலையைப் பிடுங்கிவிட்டோமே என்று அன்று முழுக்க அவளுக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் யானை நன்றாக நடந்தது. ஒருவர் தன் மெஷின் சட்டையைக் கிழித்துவிட்டதாக மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டிருந்தார். டீ நேரம் தாண்டியது. அண்ணியின் கண் தன்னால் அறை வாசலுக்குப் போய் வந்தது.

செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. ஒரு கையால் சுவரையும் மறு கையால் டம்ளரையும் பிடித்தபடி மாமனார் வந்தார். காலையில் போட்ட டீ, சுடவைக்காமல், மேலே ஆடை படிந்திருந்தது. மேஜையில் வைத்தார். கம்ப்யூட்டரைக் காட்டி, சரியாக இருக்கிறதா என்று புருவத்தால் கேட்டார். அவள் தலையாட்டியும் போகவில்லை. அவள் குடிப்பதற்காக நின்றார்.

அண்ணி அந்த ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்தாள். காலி டம்ளரை அவரிடம் நீட்டினாள். லைனில் மன்னிப்புக் கேட்கவே மறந்துபோனாள்.

"ஹலோ? என்னம்மா, கட் பண்ணிட்டீங்களா?" என்று காதுக்குள் கத்தினார் சட்டைக்காரர்.

"இல்ல சார்" என்றாள் அண்ணி. "இருக்கேன்."