ரெண்டே பேர் நிற்கும் ஒரு போட்டோ

“அங்கிள்... இது கப்பிள் ஷூட் லா. கப்பிள்னா ரெண்டு பேர்!”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தலையில் கை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னவள் ஃபர்ஹானா. எங்கள் போட்டோகிராபர். சொன்னது என் கணவரிடம். அப்போது கேமராவுக்கு முன்னால் நாங்கள் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம்.

ரெண்டு எப்படி எட்டானது? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் வந்திருக்கிறேன்.

என் கணவர் சேகரை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக: ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். நம் ஜனங்கள் பாஷையில் டிடிஆர். டியூட்டியில் அவரைப் போலக் கறார் பேர்வழி கிடையாது. வெயிட்டிங் லிஸ்ட்காரர் ஒருவர் ரிசர்வேஷன் பெட்டியில் ஒற்றைக் காலில் நின்றாலும் விடமாட்டார். கோட்டைக் கழற்றிவிட்டால் ஆளே வேறு. யாரைப் பார்த்தாலும் “வாங்க, வாங்க”தான். சாப்பிட வாங்க, காபிக்கு வாங்க, காரில் இடம் இருக்கிறது ஏறுங்கள்... போட்டோவுக்கும் வாங்க.

இதனால் எனக்கு என்ன நஷ்டம் தெரியுமா? கல்யாணமாகி இருபத்தேழு வருடம். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருக்கிற போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

நம்ப மாட்டீர்கள். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படத்திலும் எங்களுக்கு நடுவே யாராவது இருக்கிறார்கள். தாலி கட்டும் படம் இருக்கிறதே, அதில் என் முகமே இல்லை. நாத்தனார் முடிச்சு போடக் குனிந்த சரோஜா அண்ணியின் சடைதான் இருக்கிறது. சடையில் கனகாம்பரம். கனகாம்பரத்துக்குப் பின்னால் நான். ஊட்டிக்குப் போனபோது எடுத்த படத்தில் குதிரைக்காரர் நடுவில் நிற்கிறார். குதிரையும்தான்.

செல்ஃபி எடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். சேகர் செல்ஃபி எடுத்தால் அவர் நெற்றி முழுதாகவும் என் காது பாதியாகவும் விழும். போதுமா?

வீடு கட்டியபோது ஹாலில், டிவிக்கு மேலே, ஆசையாக ஓர் ஆணி அடித்து வைத்தேன். எங்கள் போட்டோவுக்காக. பதினோரு வருடமாக அதில் மளிகைக்கடை காலண்டர் தொங்குகிறது. சிலருக்கு வைரத்தோடு ஆசை இருக்கும். எனக்கு அந்த ஆணி.

அதனால் சிங்கப்பூர் டிரிப் முடிவானதும் நான் செய்த முதல் வேலை, ஆன்லைனில் போட்டோகிராபரை புக் பண்ணியது. ஊர் சுற்ற வரும் தம்பதிகளை அழகான இடங்களில் நிற்க வைத்துப் படம் எடுத்துத் தருகிறார்கள். ரெண்டு மணி நேரம், ரெண்டு இடம். படிவத்தில் ‘எத்தனை பேர்’ என்ற கட்டத்தில் 2 என்று போட்டபோது எனக்குச் சிரிப்பு பொங்கியது. ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டேன். ரெண்டுதான்.

ஃபர்ஹானா வாட்ஸ்அப்பில் பேசினாள். நாகூர்ப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்து வேரூன்றிய குடும்பமாம். “ஆன்ட்டி, பேஸ்டல் கலர் போட்டுக்குங்க. பிஸ்தா, பேபி பிங்க், அந்த மாதிரி. ஃபோட்டோல சாஃப்ட்டா வரும்.” பிஸ்தா பச்சையில் ஒரு புடவையும் அதே நிறத்தில் அவருக்குச் சட்டையும் எடுத்தேன். எல்லாம் கச்சிதம்.

ஒரே ஒரு தப்பு பண்ணினேன். அதை அண்ணியிடம் சொன்னேன்.

அதே சரோஜா அண்ணிதான். சேகரின் அக்கா. சிங்கப்பூரில், தோ பாயோ பகுதியில் இருபத்தைந்து வருட வாசம். நாங்கள் தங்கியது அவர்கள் ஃபிளாட்டில். இருக்கிற ஒரே பெரிய படுக்கையறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அண்ணியும் அண்ணனும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். காலையில் நான் எழுவதற்குள் டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். அப்படிப்பட்டவரிடம் ‘சாயங்காலம் வெளியே போகிறோம்’ என்று மொட்டையாகச் சொல்ல முடியுமா?

“போட்டோவா? ரொம்ப நல்லது லா. ஞாயித்துக்கிழமை வைங்க. அன்னைக்குத்தான் எங்க ரெண்டு பேருக்கும் லீவு” என்றார் அண்ணி. பேச்சில் ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்வது அந்த ஊர்ப் பழக்கம்.

அவர்களுக்கு லீவு இருந்தால் எனக்கென்ன என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா செம க்ரவுட் ஆன்ட்டி” என்று ஃபர்ஹானா எச்சரித்தாள். சேகர் பக்கத்திலிருந்து, “கூட்டம் இருந்தா நல்லதுதானேம்மா, கலகலன்னு இருக்கும்” என்றார். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

ஞாயிறு மதியம் நாங்கள் தயாராகி வெளியே வந்தோம். ஹாலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். பிஸ்தா பச்சைப் புடவையில். பக்கத்தில் அண்ணன், பிஸ்தா பச்சைச் சட்டையில். கையில் ஒரு பெரிய டிபன் பை.

“நீ கலர் சொன்னியே... நேத்து போய்த் தேடிப் பிடிச்சு வாங்கினோம். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா நல்லா இருக்கும்ல?”

என்ன சொல்வீர்கள்? அவர் வீட்டு மெத்தையில் தூங்கி, அவர் போட்ட காபியைக் குடித்துவிட்டு, என்ன சொல்வீர்கள்?

“சூப்பரா இருக்கு அண்ணி” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

லிட்டில் இந்தியாவில் கதவு ஒரு நிறம், ஜன்னல் ஒரு நிறமாகச் சாயம் பூசிய பழைய வீடு ஒன்று இருக்கிறது. அதன் முன்னால்தான் முதல் போஸ். அண்ணனும் அண்ணியும் ஓரமாகத்தான் நின்றார்கள். பாவம், அவர்களாக உள்ளே வரவில்லை. ஃபர்ஹானா கேமராவைத் தூக்கினாள்.

“அங்கிள், ஆன்ட்டிய லவ்வா பாருங்க.”

சேகர் என்னைப் பார்த்தார். அடையாள அட்டையில் இருப்பவளும் எதிரில் நிற்பவளும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் பார்வை.

“ஓகே... ஆன்ட்டி காதுல ஏதாச்சும் ஸ்வீட்டா சொல்லுங்க.”

குனிந்தார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே அடித்துக்கொண்டது.

“பாஸ்போர்ட்டை எங்க வச்ச?” என்றார்.

அது முடிந்து நிமிரும்போது அக்காவைப் பார்த்துவிட்டார். “அக்கா, ஏன் அங்கயே நிக்கிற? வா! மச்சான், நீங்களும் வாங்க!” ஆயிற்று. நாலு.

அடுத்து ஒரு குரல். “சார்... நீங்க திருச்சி டிடிஆர் சார்தானே?”

கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் முருகேசன். மணப்பாறைக்காரர். வார விடுமுறைக்கு ரெண்டு நண்பர்களோடு வந்திருந்தார். “என்னைத் தெரியலையா சார்? ஜெனரல் டிக்கெட் வச்சுக்கிட்டு ஸ்லீப்பர்ல உக்காந்துட்டேன்னு திண்டுக்கல்ல இறக்கி விட்டீங்களே! மதுரைல கூட்டாளிக்குக் கல்யாணம். நான் போய்ச் சேர்றதுக்குள்ள பந்தியே முடிஞ்சுபோச்சு சார்.”

வேறு யாராக இருந்தாலும் நழுவியிருப்பார்கள். சேகருக்கோ ஆனந்தக் கண்ணீர் வராத குறை. “அட, நம்ம ஆளு!” என்று முருகேசன் தோளில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டார். நண்பர்களையும் விடவில்லை. ஏழு. நடைபாதையில் காய்கறி வாங்கிக்கொண்டு சின்னத் தள்ளுவண்டியோடு போன ஒரு சீனத் தாத்தா, படத்தில் விழக் கூடாதே என்று மரியாதையாக நின்று காத்திருந்தார். அவரையும் “கம், கம்!” என்று கூப்பிட்டார். தாத்தா தயங்காமல் வந்து, என் பக்கத்தில் நின்று, ரெண்டு விரலை விரித்துக் காட்டிச் சிரித்தார். எட்டு.

இங்கேதான் ஃபர்ஹானா தலையில் கை வைத்தது.

சேகரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. யோசித்துப் பாருங்கள்... நமக்கு போட்டோ என்பது பந்தி மாதிரி. இலை போட்டு உட்கார்ந்த பிறகு எதிரில் ஒருவர் நின்றால், ‘நீங்களும் உக்காருங்க’ என்று சொல்லாமல் ஒரு வாய் இறங்குமா நமக்கு? கேமரா முன்னால் நிற்கும்போதும் அப்படித்தான். கூப்பிடாவிட்டால் மனத்தாங்கல். கூப்பிட்டும் வராவிட்டால் அதைவிடப் பெரிய மனத்தாங்கல். ‘நாங்க ரெண்டு பேர் மட்டும்’ என்ற வாக்கியத்தை நம் குடும்பங்களில் சத்தமாகச் சொன்னவர் யாரேனும் உண்டா? சொன்னால், தனிக்குடித்தனம் கேட்கிறாள் என்று அர்த்தம்.

இதெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதும்போது தோன்றும் தத்துவம். அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ரெண்டாவது இடம், பேஃபிரண்ட். தண்ணீர் ஓரம். சூரியன் இறங்குகிற நேரம். எம்ஆர்டி ரயிலில் எங்களோடு அண்ணன், அண்ணி, முருகேசன், அவர் நண்பர்கள். “லீவு நாள்தானே, சும்மா வாங்க” என்று சேகர் கூப்பிட்டிருந்தார். சீனத் தாத்தா மட்டும் வீட்டில் சமைக்க வேண்டும் என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார். புத்திசாலி.

அங்கேயும் அதே கதை. இவர் கூப்பிட, அவர்கள் வர, ஃபர்ஹானா பெருமூச்சு விட... நடுவில் அண்ணி டிபன் பையைத் திறந்து அவளுக்கு இடியாப்பம் வேறு ஊட்டினார். “வேலை செய்ற பிள்ள, சாப்பிடாம நிக்கிது லா.”

“ஆன்ட்டி, இன்னும் பத்து நிமிஷம்தான் லைட் இருக்கு” என்றாள் ஃபர்ஹானா, வாயில் இடியாப்பத்தோடு.

பத்து நிமிடம். எனக்கு ஹாலில் இருக்கும் ஆணி ஞாபகம் வந்தது. காலண்டர் ஞாபகம் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சேகரைத் தனியாக இழுத்துப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“உங்க வண்டில ஒரு வெயிட்டிங் லிஸ்ட்காரர நிக்க விடுவீங்களா?”

“அதெப்படி? ரிசர்வேஷன் பெட்டி...”

“என் போட்டோ மட்டும் ஜெனரல் கம்பார்ட்மென்ட்டா? இருபத்தேழு வருஷம் முன்னாடி பண்ணின ரிசர்வேஷன். ரெண்டே பெர்த். ஒருநாளாவது நாம ரெண்டு பேர் மட்டும் உக்காந்திருக்கோமா?”

சேகர் என்னையே பார்த்தார். இந்த முறை அடையாள அட்டைப் பார்வை இல்லை. “இவ்வளவு ஆசையாடி உனக்கு? சொல்லவே இல்லையே” என்றார் மெதுவாக.

பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். டியூட்டிக் குரல் வந்தது.

“இது ரிசர்வேஷன் பெட்டி! ரெண்டு பேருக்குத்தான் பெர்த். மத்தவங்க எல்லாம் இறங்குங்க. முருகேசன், உங்களுக்குத் தனியா சொல்லணுமா?”

“வேணாம் சார், பழக்கம்தான்!” முதலில் இறங்கியது அவர்தான். நண்பர்கள், அண்ணன், கடைசியாக அண்ணி. ஒருவர் முகமும் கோணவில்லை. பத்தடி தள்ளி வரிசையாக நின்றுகொண்டு எங்களையே பார்த்தார்கள்.

முதன்முறையாக நாங்கள் ரெண்டு பேர். பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் உயர உயரமாகக் கட்டடங்கள். நல்ல மஞ்சள் வெயில். சேகர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். ஃபர்ஹானா கேமராவைக் கண்ணில் வைத்தாள். “பெர்ஃபெக்ட்... அப்படியே நில்லுங்க...”

நான் அப்படியே நின்றேனா?

எதிரில் அண்ணி. ஒரு தோளில் டிபன் பை, இன்னொரு தோளில் என் கைப்பை. கையில் என் பழைய செருப்பு. போட்டோவுக்காக நான் ஹீல்ஸ் மாட்டியபோது, கழற்றிப் போட்டதை அவர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தேடிப் பிடித்து வாங்கிய பிஸ்தா பச்சைப் புடவை. எல்லாரும் எதிரில் நிற்க, நான் மட்டும் இலையில் கை வைத்த மாதிரி...

என் கை தானாக மேலே போனது. வாய் தானாகத் திறந்தது.

“அண்ணி! அங்க ஏன் நிக்கிறீங்க? நீங்களும் வாங்க!”

க்ளிக்.

ஃபர்ஹானா கேமராவை இறக்கினாள். அண்ணி என் செருப்போடு ஓடி வந்தார். பின்னாலேயே மற்ற எல்லாரும்.

வந்த நாற்பது படங்களில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் ஒழுங்காக விழுந்தது அந்த ஒன்றில்தான். ஃப்ரேம் போட்டு மாட்டியாயிற்று. காலண்டர் அடுக்களைக்குப் போய்விட்டது. படத்தில் நான் ஒரு கையைத் தூக்கி, வாயை ஆவென்று பிளந்துகொண்டு யாரையோ கூப்பிடுகிறேன். சேகர் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். ரெண்டு பேருக்கும் நடுவே, பழக்கதோஷம், ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “படத்துல என்ன பண்றாங்க உங்க வீட்ல?”

சேகர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொல்கிறார்:

“வெயிட்டிங் லிஸ்ட்ட கன்ஃபர்ம் பண்றா.”